சோப்பு விற்காத கடை

செவிலிமேடு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஜ்வாலாமாலினியின் மளிகைக்கடை. பொழுது சாயுமுன் சாப்பிட்டுவிடும் சமண வீட்டுப் பழக்கத்தால், வியாபாரம் சூடுபிடிக்கிற வேளையில் கடையைச் சற்றுச் சாத்திவிடுவாள். தெரு அதற்கும் பழகியிருந்தது. அவள் எடையை யாரும் சரிபார்ப்பதில்லை. அந்தப் பேர்தான் அவள் சொத்து.

புரட்டாசியில் சோப்புக்கான வரி பதினெட்டு சதவீதத்திலிருந்து ஐந்தானது. மறுநாளே, நூல் சுற்றும் வேலைக்குப் போகும் ஜெயம்மாள் வந்து புது விலைக்குச் சோப்பு கேட்டாள். ஜ்வாலாமாலினி உறையிலிருந்த பழைய விலையைக் காட்டினாள். பழைய வரியோடு வாங்கிய சரக்கு அது. கட்டிய வரியைப் பெரிய கடைகள் கணக்கில் கழித்துக்கொள்ளும். இவளைப் போன்ற சின்னக் கடைக்கு அந்த வழி இல்லை. சொல்லத் தொடங்கினாள், சொல் கோவையாக வரவில்லை.

"டிவியில சொல்லிக்கினே இருக்கான். ஒனக்கு மட்டும் சேதி வரலியா மாலினி?" என்று சோப்பை வைத்துவிட்டுப் போனாள் ஜெயம்மாள்.

பழைய விலைக்கு விற்றால் ஏமாற்றுக்காரி, புது விலைக்கு விற்றால் கைநட்டம். மனம் கலங்கினால் எதையாவது விட்டுவிடுவது அவர்கள் வீட்டு நோன்பு. அம்மா கத்தரிக்காயை விட்டாள், பெரியப்பா வெல்லத்தை. ஜ்வாலாமாலினி சோப்பு விற்பதை விட்டாள். புதுச் சரக்கு வரும்வரை விற்பதில்லை என்று ஆதிநாதர் படத்தின்முன் சொல்லி, பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

"நம்ம சாஸ்திரத்துல கலப்படம் பண்ணாதன்னு சொல்லிக்கீது. சோப்பு விக்காதன்னு எங்க சொல்லிக்கீது?" என்றார் கணவர் விமலநாதன்.

தெரு வேறு கதை கட்டியது. ஓரிக்கைப் பக்கம் கொண்டுபோய்ப் பழைய விலைக்கே விற்கப் பதுக்கிவிட்டாளாம். அது காதில் விழுந்த அன்று அவள் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

இரண்டொரு நாளில், கடை சாத்தியிருந்த வேளையில், ஜெயம்மாள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டாள். மகள் தீபிகா பிரசவத்துக்கு வந்திருந்தாள். சோப்பு உடனே வேண்டும். ஜ்வாலாமாலினி தட்டின் முன் உட்கார்ந்தபடியே விரதத்தைச் சொன்னாள், இந்தமுறை வரியிலிருந்து தொடங்கி.

ஜெயம்மாள் கட்டிலுக்கடியில் தெரிந்த பெட்டியைப் பார்த்தாள்.

"வரியக் கொறச்சது நல்லதுதான். அதுக்குன்னு ஒன் தலையில மட்டும் ஏத்தலாமா? பாதி நட்டம் ஒனக்கு, பாதி எங்களுக்கு."

"நான் விக்கக் கூடாதுக்கா."

"நீ விக்காத. நான் எடுத்துக்கறேன். நீ சாப்புடு, பொழுது போவுது."

குனிந்து பெட்டியை இழுத்தாள்.

மறுநாள் முதல் பெண்கள் வந்து அவரவரே எடுத்தார்கள், ஜெயம்மாள் சொன்ன நடு விலையை வைத்தார்கள். ஒருத்தி மட்டும் பழைய விலையை முழுதாக வைத்துவிட்டு நடந்தாள். மிச்சத்தைக் கொடுக்க, செருப்புகூடப் போடாமல் அவள் பின்னால் ஓடினாள் ஜ்வாலாமாலினி.