சிவப்பு கிட்டாரின் விலை

என் மனைவி தன் கூடப்பிறந்த தம்பியை மைக் ஸ்டாண்டால் அடித்தாள். ஸ்டாண்டின் அடியில் இருக்கும் வட்டமான வார்ப்பிரும்பு அவனுடைய இடது காதுக்கு மேலே பட்டது. பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. ஈரத்துணியைக் கல்லில் அடித்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். என் மார்மேல் உட்கார்ந்திருந்தவன் அப்படியே பக்கவாட்டில் சரிந்தான். எங்கள் இருவருக்கும் நடுவில் என் கிட்டார் கிடந்தது. சண்டையே அதற்காகத்தான்.

நான் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச்சேலைக் கடையில் விற்பனையாளன். முகூர்த்த நாட்களிலும் ஆடி மாதத் திருவிழாக்களிலும் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார் வாசிப்பேன். வீடு பிள்ளையார்பாளையத்தில். இரண்டே அறை. முன்னறையில் குழுவின் ஸ்பீக்கர், ஒயர், மைக் ஸ்டாண்ட் எல்லாம் அடுக்கியிருக்கும். மிச்சமிருக்கும் இடத்தில் மனைவி உட்கார்ந்து சேலை முந்தானைகளுக்குக் குச்சம் கட்டுவாள்.

அந்தக் கிட்டார் எனக்கு அரக்கோணத்தில் கிடைத்தது. கல்யாணமான புதிது. ரயில்வே குடியிருப்பில் ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. கட்டில், பீரோ, தையல் மிஷினோடு இதையும் விற்பனைக்கு வைத்திருந்தார்கள். அறுபதுகளில் அமெரிக்காவில் செய்த எலக்ட்ரிக் கிட்டார். மாதுளம் முத்து மாதிரிச் சிவப்பு. தோளில் மாட்டிக்கொண்டு ஒரு தந்தியைத் தட்டினேன். கழற்றி வைக்க மனம் வரவில்லை. கையில் காசு இல்லை. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தேன். மனைவி விஷயத்தைக் கேட்டாள். கழுத்திலிருந்த சங்கிலியைக் கழற்றி என் மடியில் போட்டாள்.

"கழுத்துல கெடந்து இது என்னா பாட்டா பாடப் போவுது? எடுத்துக்கினு போங்க."

அவளுடைய அப்பா கல்யாணத்தில் போட்ட சங்கிலி அது.

குழுவில் என் கிட்டாரைக் காயலான் கடை என்பார்கள். மற்றவர்கள் பளபளவென்று புதுசு வாங்கினார்கள். எனக்கு ஒரு திருகாணி மாற்றக்கூடப் பணம் இருந்ததில்லை. மேடைகளும் அதைச் சும்மா விடவில்லை. ஐயம்பேட்டையில் ஓர் அம்மன் கோயில் திருவிழாவில், கேட்ட பாட்டை நாங்கள் பாடவில்லை என்று குடித்திருந்த ஒருவன் இரும்பு நாற்காலியைத் தூக்கி மேடையில் எறிந்தான். என் தோள்பட்டையில் பட்டு கிட்டாரின் விளிம்பில் விழுந்தது. தோள் வீக்கம் வடிந்துவிட்டது. கிட்டாரில் ஒரு பள்ளம் நின்றுவிட்டது.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு திருவிழாவில் நான் வாசித்ததை ஏனாத்தூர் கல்லூரிப் பெண் ஒருத்தி செல்போனில் எடுத்து இணையத்தில் போட்டாள். பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லையாம். கிட்டாரைப் பற்றித்தான் கேட்டார்களாம். கொஞ்ச நாளில் சென்னையிலிருந்து ஒருவர் என்னைத் தேடி வந்தார். பழைய கிட்டார்களை வாங்கிச் சேர்ப்பவர். தரையில் ஒரு கம்பளியை விரித்து அதன்மேல் கிட்டாரைப் படுக்க வைத்தார். சின்ன டார்ச் அடித்துக் கழுத்தைப் பார்த்தார். பின்பக்க மூடியைத் திறந்து உள்ளே ஈயப்பற்று வைத்த இடங்களைப் பார்த்தார். மனைவி குச்சம் கட்டுவதை நிறுத்திவிட்டு, டாக்டரைப் பார்ப்பது போல அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமே மாத்தாம வெச்சிருக்கீங்களே!" என்றார்.

"மாத்தறதுக்குக் காசு இல்ல சார்."

அவர் சிரிக்கவில்லை. "அதான் சார் இதோட விலையே. மறுபடி பெயின்ட் அடிச்சிருந்தா பாதி போயிருக்கும். கழுத்து ஒடஞ்சு ஒட்டியிருந்தா மிச்சத்துல பாதி போயிருக்கும். தந்திக்கு அடியில இருக்கற பிக்கப்ப மாத்தியிருந்தா இன்னும் கொறயும். இந்தப் பள்ளம், தேய்மானம் எல்லாம் ஒண்ணும் செய்யாது. வாசிச்சதால வந்ததுதானே."

பதினெட்டு லட்சம் தருவதாகச் சொன்னார்.

மனைவியின் மடியிலிருந்து நூல்கண்டு உருண்டு வாசல்வரை போனது. யாரும் எடுக்கவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று அவரை அனுப்பி வைத்தோம். அன்று அவள் தன் அம்மாவுக்குப் போன் செய்து சந்தோஷமாகச் சொன்னாள். அந்த அம்மா மகனிடம் சொல்லிவிட்டார்.

என் மைத்துனன் மனை விற்கும் புரோக்கர். கை நீட்டுவது அவனுக்குப் பேச்சு மாதிரி. எங்கள் கல்யாணப் பந்தியில் பாயசம் வரத் தாமதமானதென்று சமையல்காரரின் மூக்கை உடைத்தவன். மறுநாளே நான் வேலை செய்யும் கடைக்கு வந்தான். ஒரு பெண் வீட்டாருக்கு முகூர்த்தச் சேலை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன்.

"மாமா, கிட்டாரு ரேட்டு ஏறிடுச்சாமே. எங்கப்பா சங்கிலில வாங்கனது அது. எங்க வூட்டு சொத்து. பாதி எனக்கு வரணும்."

"உங்கப்பா உங்கக்காவுக்குப் போட்டாருப்பா. அவ எனக்குக் குடுத்தா. இங்க பேச வேணாம், வூட்டுக்கு வா."

"வூட்டுக்கு வேற வரணுமா?"

அறைந்தான். என் கண்ணாடி விரித்த சேலையின் மேல் விழுந்தது. மூக்கிலிருந்து வழிந்த ரத்தம் ஜரிகையில் படாமல் இருக்க வேண்டுமே என்று கையை ஏந்திப் பிடித்தேன். அந்த நேரத்தில் அதுதான் தோன்றியது. பெண் வீட்டார் எழுந்து போய்விட்டார்கள். முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

அவன் என் பின்னாலேயே வந்திருக்கிறான். நான் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது உள்ளே நுழைந்தான். மனைவி பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முன்னறையில் சுவரில் மாட்டியிருந்த கிட்டாரின் கழுத்தைப் பிடித்து இழுத்தான். ஆணி சுவரோடு பெயர்ந்து வந்தது. ஓடிப்போய் நான் உடம்புப் பகுதியைப் பிடித்துக்கொண்டேன்.

"உட்றா!" என்றான். அதுவரை மாமா என்றவன்.

விடவில்லை. முழங்காலால் என் வயிற்றில் இடித்தான். அப்போதும் விடவில்லை. என் இடது கையின் மோதிர விரலைத் தனியாகப் பிரித்துப் பின்பக்கமாக வளைத்தான். "இனிமே எப்டி வாசிக்கிறன்னு பாக்கறேன்" என்றான். முருங்கைக் குச்சி ஒடிகிற மாதிரி இருந்தது. வலி பிறகுதான் வந்தது. பிடி தளர்ந்தது. கிட்டார் இரண்டு பேர் கையிலிருந்தும் நழுவி, ஸ்பீக்கர் பெட்டியின் இரும்பு மூலையில் தலை மோதித் தரையில் விழுந்தது. மின் இணைப்பே இல்லாமல் ஆறு தந்திகளும் சேர்ந்து அலறின. தலைக்குக் கீழே கழுத்தில் வெள்ளையாக ஒரு விரிசல் ஓடியிருந்தது.

அதைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆனதென்று சொல்லத் தெரியவில்லை. நான் யாரையும் அடித்ததில்லை. பாய்ந்து அவன் மணிக்கட்டைக் கடித்தேன். பல்லுக்குள் தோல் அறுபடுவது தெரிந்தது. வாயெல்லாம் உப்பு. அவன் கத்திக்கொண்டே என்னைக் கீழே தள்ளி மார்மேல் ஏறி உட்கார்ந்து தொண்டையை நெரித்தான். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் நின்றது. எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், ஆனால் யாரும் வரவில்லை என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. கண் இருட்டிக்கொண்டு வந்தபோதுதான் அவள் வந்தாள். மூச்சு வந்து நான் எழுந்து உட்கார்ந்தபோது ஸ்டாண்டை இரண்டாம் முறை ஓங்கியிருந்தாள். "போதும்மா, போதும்" என்று காலைப் பிடித்துக்கொண்டேன். அவள் அழவில்லை. தம்பியின் காதிலிருந்து ரத்தம் சிமென்ட் தரையில் பரவுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

பெரியாஸ்பத்திரியில் அவனையும் என்னையும் ஒரே வார்டில் போட்டார்கள். அவன் உயிருக்கு ஆபத்தில்லை. இடது காதின் சவ்வு கிழிந்து கேட்காமல் போனது. இரண்டு பக்கமும் புகார் எழுதினோம். மனைவியைக் காவல் நிலையத்தில் நாள் முழுக்க உட்கார வைத்தார்கள்.

"எதுக்கும்மா அடிச்ச?" என்று ஏட்டு கேட்டார்.

"என் வூட்டுக்காரரு செத்துக்கினு இருந்தாரு. அடிச்சேன்" என்றாள்.

மைக் ஸ்டாண்டும் கிட்டாரும் கேஸ் சொத்து ஆயின. ஏட்டு ஒரு சின்ன டப்பாவில் வெள்ளை பெயின்ட்டும் பிரஷ்ஷும் எடுத்துவந்தார். ஸ்டாண்டின் இரும்பில் குற்ற எண்ணை எழுதினார். பிறகு கிட்டாரைத் திருப்பி மேசைமேல் போட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. கட்டுப்போட்ட கையோடு குறுக்கே போய் நின்றேன்.

"சார், சார், அதுல எழுதாதீங்க. துணில எழுதிக் கட்டிடுங்க சார். பெயின்ட்டு பட்டா அதோட விலையே போயிடும்."

"துணி அவுந்து போச்சின்னா கோர்ட்டுல யாரு பதில் சொல்றது? நவுருபா."

அவர் மேல் தப்பில்லை. கத்தி, கடப்பாரை, திருட்டு சைக்கிள் எல்லாவற்றிலும் அப்படித்தான் எழுதுவார். நிதானமாக, நல்ல கையெழுத்தில், சிவப்பு முதுகின் நடுவே எழுதினார். விரல் உடைந்தபோதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. அந்த பிரஷ்ஷைப் பிடுங்கி அவர் கண்ணில் குத்த வேண்டும்போல இருந்தது. என்னை எனக்கே பயமாக இருந்தது. வெளியே போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கூடி ராஜி பேசி முடித்து, வழக்கு தீர்ந்து, கிட்டார் திரும்பி வரப் பல மாதங்கள் ஆயின. சென்னைக்காரருக்குச் சொல்லி அனுப்பினேன். அதே கம்பளி, அதே டார்ச். கழுத்து விரிசலை விரலால் தடவினார். திருப்பி எண்ணைப் பார்த்தார். டார்ச்சை அணைத்தார்.

"தேய்ச்சா போயிடாதா சார்?" என்று மனைவி கேட்டாள்.

"தேய்ச்சா அடியில இருக்கற பழைய பெயின்ட்டும் வந்துடும்மா. அப்படியே விட்டுட வேண்டியதுதான்."

ஆறு லட்சம் என்றார். அதுவே அதிகம் என்றும், வேறு யாரும் நான்குக்கு மேல் தரமாட்டார்கள் என்றும் சொன்னார். நான் மனைவியைப் பார்த்தேன். என் மோதிர விரல் நேராக ஒட்டவில்லை. தந்திகளில் சில பிடிகளுக்கு எட்டாது. அவளுக்கும் அது தெரியும்.

"குடுத்துடுங்க. அத மாட்டி வெச்சிக்கினு இந்த ரூம்புல என்னால ஒக்கார முடியல" என்றாள்.

பணம் வந்த வாரம் மைத்துனனின் மனைவி வந்தாள். பகல் நேரம். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றாள். காதுக்கு ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள், அவருக்குத் தெரியாமல் வந்திருக்கிறேன் என்றாள். என் மனைவி எதுவும் கேட்கவில்லை. உள்ளே போய்ப் பணத்தை எடுத்துவந்து அவள் கையில் வைத்தாள். எவ்வளவு என்று நானும் கேட்கவில்லை. வந்தவள் போன பிறகு மனைவி, "மறுபடி உங்க மேல கை வெச்சான்னா மறுபடி அடிப்பேன்" என்று மட்டும் சொன்னாள். முந்தானையை எடுத்துக் குச்சம் கட்ட ஆரம்பித்தாள்.

ஆபரேஷனில் பாதிதான் கேட்க ஆரம்பித்ததாம். பணம் எங்கிருந்து வந்தது என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்க வேண்டியதில்லை, அவன் கண்டுபிடித்திருப்பான். அதற்குப் பிறகு அவனைப் பார்த்தது, போன தை மாதம் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில்தான். நான் மேடையில் ஒரு மலிவான புதுக் கிட்டாரில், எட்டுகிற பிடிகளை மட்டும் வைத்து வாசித்துவிட்டு இறங்கினேன். கை கழுவும் இடத்தில் அவன் நின்றிருந்தான். நல்ல காதை என் பக்கம் திருப்பினான்.

"என்னா ரேட்டுக்குத் தள்ளனீங்க மாமா?"

சொன்னேன்.

அவன் உச்சுக்கொட்டிச் சிரித்தான். "ஏமாந்துட்டீங்க. என்கிட்ட உட்டிருந்தா அடிச்சிப் பேசி எட்டு வாங்கியிருப்பேன்."

குழாயடியில் ஓர் எவர்சில்வர் சொம்பு இருந்தது. என் கை அதை எப்போது எடுத்தது என்று தெரியாது. இறுக்கிப் பிடித்திருந்தேன். அவன் அதைப் பார்த்தான். சிரிப்பு நின்றது. அவன் இடது கை தானாக மேலே எழும்பிக் காதை மூடிக்கொண்டது. அடி வாங்கிய நாய்க்குட்டி போல, அந்தப் பெரிய உடம்பு கொஞ்சம் குனிந்தது.

சொம்பை வைத்துவிட்டுக் குழாயைத் திறந்து கையைக் கழுவினேன். அவனும் பக்கத்துக் குழாயில் கழுவினான். உள்ளே பந்தி போட்டிருந்தார்கள். அவன் ஒரு வரிசையிலும் நான் எதிர் வரிசையிலுமாக உட்கார்ந்தோம். இலையில் பாயசம் விழும்வரை இரண்டு பேரும் தலையை நிமிர்த்தவில்லை.