அதிபரின் சப்பாத்தில் ஓடிய இதயம்

மாதத்துக்கு ஒருநாள் கிளினிக் போக லீவு கேட்டுப் பாடசாலை அதிபரின் அறைக்குப் போயிருந்தேன். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். நான் நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் லயத்து வரிசை வீட்டில் பிறந்து, அந்தத் தோட்டத்துப் பாடசாலையிலேயே வரலாறு படிப்பிப்பவள்.

"என்ன வருத்தம் ரீச்சர்?" என்றார்.

"வருத்தந்தான் சார்."

"அதைத்தான் கேக்கிறன். என்ன வருத்தம்?"

"மனசுல சார். வருத்தம்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அவருடைய ஊரில் வருத்தம் என்றால் நோய். எங்களுக்கு வருத்தம் என்றால் துக்கம். எனக்கு வந்த நோயே துக்கம்தான் என்பதால் இரண்டு பேரும் சரியாகத்தான் பேசிக்கொண்டிருந்தோம். விளங்கிக்கொள்ளத்தான் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் அவர் அவசரமாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "ஓமோம், அது வாறதுதான்" என்றார், சளித் தடிமனைப் பற்றிச் சொல்வது போல.

அது ஏன் வந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. யாரும் சாகவில்லை. மகள் கல்யாணம் முடித்துக் கொழும்புக்குப் போயிருந்தாள், சந்தோஷமாகத்தான் இருந்தாள். ஆனாலும் சோறு கொதிக்கும்போது பானையைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். வடிக்க வேண்டும் என்பது நினைவுக்கு வராது. வகுப்பில் பிள்ளைகள் கேள்வி கேட்டால் ஆற்றுக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிடுவது போலக் கேட்கும். மூன்றாவது தடவையும் சோறு குழைந்து களியானபோது, என் கணவர் சேர்ட்டைப் போட்டுக்கொண்டு என்னை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு டொக்டர் நிதானமாக எல்லாவற்றையும் கேட்டார். மாத்திரை எழுதினார்.

"ஆரம்பத்துல வாய் காயும், வேர்க்கும், கொட்டாவி வரும். பயப்படாதீங்க. நீங்களா மட்டும் நிப்பாட்டிறாதீங்க" என்றார்.

வாய் காய்வதும் வேர்ப்பதும் எனக்குப் புரிந்தது. கொட்டாவிதான் என்ன பெரிய விஷயம் என்று நினைத்தேன்.

அது சாதாரணக் கொட்டாவி இல்லை. தூக்கமே இல்லாமல் வரும் கொட்டாவி. நன்றாகத் தூங்கி எழுந்து, தேத்தண்ணி குடித்து, முகம் கழுவி, பவுடர் போட்டுக்கொண்டு நிற்கும்போது தாடை தானாகத் திறக்கும். திறந்தது பாதியில் மூடாது. காதுக்குப் பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்ட பிறகுதான் மூடும். எட்டாம் வகுப்பில் கரும்பலகையைப் பார்த்தபடி ஒன்று விட்டேன். திரும்பினால் முன்வரிசை முழுக்கக் கொட்டாவி. அது பின்வரிசைக்குப் போய், ஜன்னல் பக்கம் சுற்றிக்கொண்டு மறுபடி என்னிடமே வந்தது. ஒரு பாடவேளை முழுவதும் நானும் பிள்ளைகளும் மாறி மாறி வாயைத் திறந்தோமே தவிர, ஒரு அரசனும் பட்டத்துக்கு வரவில்லை.

ஆசிரியர் கூட்டத்தில் இன்னும் மோசம். அதிபர் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். கைலேஞ்சியால் வாயை மூடினேன். பக்கத்தில் இருந்த கணக்கு டீச்சருக்குத் தொற்றியது. அவரிடமிருந்து விளையாட்டு மாஸ்டருக்கு. கடைசியில் அதிபருக்கே வந்துவிட்டது. "ஒழுக்கம்" என்ற சொல்லின் "ஒ" வந்தது, அதற்குப் பிறகு வெகுநேரம் ஒன்றும் வரவில்லை.

"ரீச்சர், என்ர கதை அவ்வளவு அலுப்போ?" என்றார் பிறகு.

"இல்ல சார். மாத்திர."

"நான் குளிசை ஒண்டும் போடேல்லையே. எனக்கேன் வருது?"

வேர்வை இன்னொரு கதை. எங்கள் ஊரில் ஆனி, ஆடியில் காற்றும் மழையுமாக எல்லோரும் சுவெட்டருக்கு மேல் சுவெட்டர் போட்டுக்கொண்டு திரிவார்கள். நான் மட்டும் சாரி முந்தானையால் விசிறிக்கொண்டு நிற்பேன். இவையெல்லாம் போகட்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் ஒருநாள் பாடசாலைப் படிக்கட்டில் ஏறும்போது நெஞ்சு படபடவென்று அடித்தது. நின்றேன். நின்ற பிறகும் அடித்தது. அன்றைக்குச் சாயங்காலம் அதை வீட்டில் சொன்னதுதான் தவறு. அப்போது வீட்டில் என் மதினி இருந்தார்.

மதினி என் கணவரின் மூத்த அக்கா. மலையில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். பேச்சில் இன்னும் ஓய்வு பெறவில்லை. பொழுதுபோக டிவியில் நாடகம் பார்ப்பார். அந்த நாடகங்களில் வாரத்துக்கு ஒருவராவது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பார்கள். அதனால் இதயத்தைப் பற்றி மதினிக்குத் தெரியாதது இல்லை.

"ஹார்ட்டுதான் புள்ள. சந்தேகமே இல்ல. கைய நெஞ்சுல வச்சிக்கிட்டா சொன்ன? அப்ப ஹார்ட்டேதான்" என்றார்.

டிக்கோயா டொக்டர் ஈ.சி.ஜி எடுத்துப் பார்த்தார். நன்றாகத்தான் இருக்கிறது, மாத்திரையால் கூடப் படபடப்பு வரலாம் என்றார். ஆனாலும் என் வயதையும் அப்பாவுக்கு மாரடைப்பு வந்திருந்ததையும் கேட்டுவிட்டு, எதற்கும் ஓட்டப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளச் சொல்லித் துண்டு எழுதித் தந்தார். ஓடுகிற பட்டியில் ஏற்றி நடக்கவிட்டு, இதயம் என்ன செய்கிறது என்று பார்ப்பார்களாம். நுவரெலியாவில் தனியார் இடமொன்றில் செய்யலாம் என்றார். "லேசா சாப்பிடுங்க. வசதியான உடுப்பு. கட்டாயம் சப்பாத்து."

உடுப்புக்கு மகள் விட்டுப்போன சல்வார் இருந்தது. காலுக்குப் போடச் சப்பாத்து இல்லை. எனக்குத் தெரிந்து சப்பாத்துப் போட்டு நடக்கிற ஒரே ஆள் அதிபர். கனடாவில் இருக்கும் மகன் அனுப்பிய சப்பாத்தைப் போட்டுக்கொண்டு அவர் தினமும் காலையில் விளையாட்டு மைதானத்தைச் சுற்றி வருவார். பழுத்த பப்பாசிப்பழ நிறம். மூடுபனியில் ஆள் தெரியாது, சப்பாத்து மட்டும் சுற்றி வரும். லீவு கேட்கப் போனபோது விஷயத்தைச் சொன்னேன். அவர் என் காலைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். மேசைக்கு அடியிலிருந்து சப்பாத்தை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"இடது கால் கொஞ்சம் கடிக்கும், பாத்து நடவுங்கோ. நனைச்சுப்போடாதேங்கோ."

கணவருக்கு அன்று தொழிற்சாலையில் வேலை. மதினி துணைக்கு வந்தார். ஹட்டனில் பஸ் மாறும்போது கண்டக்டர் சப்பாத்தையும் என்னையும் பார்த்துவிட்டு, "மிஸ், மெரதனுக்கா?" என்று கேட்டான்.

"இல்லப்பா, ஹார்ட்டு" என்றார் மதினி, பஸ் முழுவதற்கும் கேட்கும்படி. உடனே முன்சீட்டில் எங்களுக்கு இடம் கிடைத்தது. எனக்கு வெட்கம். மதினிக்குப் பெருமை. நானுஓயா தாண்டும் வரை பக்கத்துச் சீட்டுப் பெண்ணிடம் என் அப்பாவின் மாரடைப்பைக் கூட இருந்து பார்த்தவர் போல விவரித்துக்கொண்டு வந்தார்.

அந்த இடத்தில் மதினியை வெளியே வாங்குப் பலகையில் உட்காரச் சொல்லிவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். இளம் சிங்களப் பெண் ஒருத்தி நெஞ்சில் அங்கங்கே வில்லைகளை ஒட்டி வயர்களைக் கொழுவினாள். தமிழ் கொஞ்சம் பேசினாள். "மிஸ், ஹெமின், ஹெமின். மெதுவா நட" என்றாள். பட்டி நகரத் தொடங்கியது. நானும் நடந்தேன்.

உண்மையைச் சொன்னால் முதலில் சிரிப்பாக இருந்தது. பிறந்ததிலிருந்து மலை ஏறி இறங்குகிறவள் நான். இங்கே ஒரு மலையும் இல்லாமல், எங்கேயும் போகாமல், சுவரில் ஒட்டியிருந்த மாம்பழப் படத்தைப் பார்த்துக்கொண்டு நடக்கிறேன். அப்போது கொட்டாவி வந்தது. ஒன்று, அதன் பின்னால் இன்னொன்று. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த டொக்டர் நிமிர்ந்தார். நடுத்தர வயது, நல்ல தமிழ் பேசினார்.

"போரடிக்குதா அம்மா? கொஞ்சம் ஏத்துவோமா?"

விளக்கம் சொல்ல வாயைத் திறந்தால் மூன்றாவது கொட்டாவி. அவர் பட்டியைச் சரிவாக்கினார். வேகமும் கூடியது. அதற்குள் அந்தப் பெண் கொட்டாவி விட்டாள். டொக்டர் பல்லைக் கடித்துத் தாங்கிப் பார்த்து, முடியாமல் அவரும் விட்டார்.

பிறகு வேர்வை தொடங்கியது. வழக்கமாகவே வேர்க்கிறவளுக்கு ஓடினால் கேட்கவா வேண்டும்? நெஞ்சில் ஒட்டிய வில்லை ஒன்று வழுக்கிக்கொண்டு போய் விழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று. மிஷின் 'கூ' என்று நீளமாகக் கத்தத் தொடங்கியது.

கதவு திறந்தது. மதினி நின்றார். முதலில் பார்த்தது திரையை. அதில் மேலும் கீழும் துள்ளிக்கொண்டிருந்த கோடு, வாய்க்கால் தண்ணீர் போல நேராகப் போய்க்கொண்டிருந்தது.

"ஐயோ, போயிட்டாளே!" என்று தலையில் கை வைத்தார். "என் தம்பிக்கு நான் என்னா பதில் சொல்லுவேன்!"

"மதினி, நா இங்கதான நடந்துக்கிட்டு இருக்கேன்!"

"கோடு நேரா போயிருச்சு புள்ள!"

"வயரு கழண்டிருச்சு மதினி!"

"ஒனக்குத் தெரியலடி! செத்தவங்களுக்குத் தெரியாது!"

சிங்களப் பெண் ஓடிவந்து அவரைப் பிடித்தாள். டொக்டர் பட்டியை நிறுத்தினார். அது மெதுவாகி நின்றது. நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மூச்சு வாங்கியது, வேர்வை கண்ணில் இறங்கியது, சிரிப்பு மட்டும் நிற்கவில்லை. வயிறு வலிக்கிற சிரிப்பு. அப்படிச் சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்ற நினைப்பு ஊடே வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது, ஏனென்றால் மதினி என் மூக்கின் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"வருது" என்றார் டொக்டரைப் பார்த்து.

"சந்தோஷம்" என்றார் அவரும்.

என்னை இளைப்பாறவிட்டு, உடம்பைத் துடைத்து, வில்லைகளுக்கு மேல் குறுக்கும் நெடுக்குமாகப் பிளாஸ்டர் ஒட்டி மறுபடி ஏற்றினார்கள். பொட்டலம் கட்டிய மாதிரி இருந்தேன். இந்த முறை கோடு கடைசி வரைக்கும் ஒழுங்காகத் துள்ளியது. டொக்டர் என் மாத்திரையின் பெயரைக் கேட்டார். சொன்னதும், "ஓ, அதான் கொட்டாவி" என்றார். "உங்க இதயம் நல்லாருக்கு. மலை ஏறின இதயம். படபடப்பு மாத்திரையாலயும் இருக்கலாம், பயத்தாலயும் இருக்கலாம். ரிசல்ட்டக் கொண்டுபோய் எழுதிக் குடுத்த டொக்டர்கிட்டக் காட்டுங்க, அவர் பாத்து மாத்துவார்."

பிறகு மதினியின் பக்கம் திரும்பினார். மதினி கதிரையில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார். முகம் சிவந்திருந்தது, மூச்சு இரைத்தது.

"அம்மாவுக்குப் பிரஷர் பாத்திருக்கீங்களா?"

"எனக்கா? எனக்கு ஒரு நோயும் இல்லீங்க. நா தொணைக்கு வந்தவ."

கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்தார். பார்த்தார். பயத்தில் கூடியிருக்கலாம் என்று உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, திரும்பவும் பார்த்தார். சிரிப்பில்லாமல் ஒரு துண்டு எழுதினார். பிரஷர் நன்றாகவே கூடியிருந்தது. இன்றைக்கு நேற்று வந்ததல்ல, கனகாலமாக இருந்திருக்கும் என்றார். உப்பைக் குறைக்க வேண்டும், கிளினிக்குக்குக் கட்டாயம் போக வேண்டும்.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் உட்கார்ந்தோம். எனக்குப் பசி காதை அடைத்தது. பருப்பு வடை வைத்தார்கள். மதினி ஒன்றை எடுத்து முகர்ந்து, திரும்பத் தட்டில் வைத்தார்.

"உப்பு இருக்குமோ?"

"இருக்கும்."

"அப்ப நீ சாப்புடு. ஹார்ட்டு நல்லா இருக்கிறவங்க சாப்புடட்டும்."

இரண்டு தட்டையும் நானே முடித்தேன். வீட்டில் கணவர் என்னிடம் ஓடிவந்து என்ன சொன்னார்கள் என்று கேட்டார். "அவளுக்கு ஒண்ணுமில்லடா" என்று அவரை ஒதுக்கிவிட்டு மதினி கட்டிலில் படுத்தார். "எனக்குத்தான்."

டிக்கோயா டொக்டர் என் மாத்திரையின் அளவைக் குறைத்துப் பார்த்தார், பிறகு வேறொன்றுக்கு மாற்றினார். மெல்ல மெல்லக் கொட்டாவி நின்றது. வேர்வை இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அதோடு சமாதானமாகிவிட்டேன். சோறு இப்போதெல்லாம் நேரத்துக்கு வடிகிறது.

சப்பாத்தைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தபோது அதிபர் முதலில் அடிப்பாகத்தைத்தான் திருப்பிப் பார்த்தார்.

"இதில எத்தினை மைல் ஓடினீங்கள்?"

"ஒரு அடியும் நகரல சார்."

அவர் அடிப்பாகத்தை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார்.

இப்போது மதினியின் கிளினிக் நாளும் என்னுடைய நாளும் ஒன்றாக அமைந்திருக்கிறது. ஒரே பஸ்ஸில் டிக்கோயா போகிறோம். வரிசையில் புதிதாக யாராவது வந்து உட்கார்ந்தால் என்ன நோய் என்று மதினிதான் விசாரிப்பார். பிறகு என்னைக் காட்டி, "இவ சும்மா தொணைக்கு வந்தவ" என்பார்.