தலைக்கு வைக்காத பூ

எங்கள் வீட்டு மாடியில் அறைகள் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம். சேரப்பணஞ்சேரியில் நெல் போட்டவர்கள் எல்லாரும் இப்போது அறைதான் போட்டிருக்கிறார்கள். ஒரகடத்துக் கம்பெனிகளுக்கு அத்தனை பெண்பிள்ளைகள் தெற்கிலிருந்து வந்து இறங்குகிறார்கள். ஒரே அறையில் எட்டுப் பேரை அடைக்கிற வேலை மட்டும் என்னிடம் கிடையாது. என் வீட்டில் இருந்தவள் ஒருத்தியும் குறை சொல்லிப் போனதில்லை.

மேலே தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள். கம்பெனியில் லைனில் நின்று வேலை செய்கிறாள். ஷிப்ட் முடிந்து வந்து, தபாலில் எம்.ஏ. படிக்கிறாள். கைக்குழந்தையை ஊரில் தன் தாயிடம் விட்டுவிட்டு இப்போதுதான் திரும்பி வந்தாள். அவளுக்குப் பிள்ளை போனுக்குள்ளேதான் சிரிக்கிறது, போனுக்குள்ளேதான் அழுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை இறங்கி வந்து என்னைக் கேட்டாள்.

“ஆச்சி, இங்க உதிரி மல்லி எங்க கெடைக்கும்?”

“தலைக்கா?”

“தலைக்கு இல்ல ஆச்சி.” தரையைப் பார்த்தாள். “நாளைக்கு ஷிப்ட். அடுத்த வாரம் பரிச்ச. இதுக்கெடையில இது வேற கெட்டிக்கிட்டு நிக்கி.”

பால் வற்றுவதற்கு மாரில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவர்கள் பக்கத்திலும் உண்டு போலிருக்கிறது. நானே படப்பைக்குப் போய் வாங்கி வந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டு மாடி ஏறிப் போய்விட்டாள். நான் படியடியிலேயே நின்றேன். கையில் ஒட்டியிருந்த வாசனை என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், பாவாடை கட்டிய வயதில் நிறுத்திவிட்டது.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. என் அம்மாவின் தங்கை, அதாவது என் சித்தி, பத்து வரைக்கும் படித்துத் தேறியவள். சுற்று வட்டாரத்தில் அப்படி ஒரு பெண் கிடையாது. அவள் எங்கள் வீட்டில் இருக்கிற நாளில் கடுதாசி வந்தால் ஊரே எங்கள் வாசலில்தான் வந்து நிற்கும். சித்தப்பாவுக்கு வாலாஜாபாத்தில் ரைஸ்மில்லில் வேலை. சித்தி பிள்ளை பெற எங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோதுதான் காஞ்சிபுரத்தில் வாத்தியார் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. இரண்டு வருஷம் அங்கேயே விடுதியில் தங்கிப் படித்தால் டீச்சர் வேலை நிச்சயம். ஆனால் கைக்குழந்தைக்காரியை விடுதியில் சேர்க்க மாட்டார்கள். சித்தி யோசித்தாள், அம்மா யோசித்தாள். கடைசியில் பிள்ளையே இல்லை என்று சொல்லிச் சேர்ந்துவிடுவது என்று முடிவாயிற்று. குழந்தையை அம்மா பார்த்துக்கொள்வாள். சித்தப்பா சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

இதெல்லாம் பின்னால் நானாகக் கோத்துக்கொண்டது. எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம், தினமும் ஏரிக்கரைத் தோட்டத்துக்குப் போய்ப் பூ வாங்கி வரவேண்டும் என்பதுதான். தோட்டக்காரர் பெண்டாட்டி வாயாடி.

“இன்னாடி, கூடை கூடையா வாங்கினு போற? உன் சித்திக்கு ரெண்டாங் கல்யாணமா?”

“ஆமா,” என்றேன் நான். எங்கள் வீட்டைக் குறைத்துப் பேச விடுவேனா? “மேளம் எல்லாம் வருது.”

ஆனால் வீட்டில் மேளமும் இல்லை, ஒன்றும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு அம்மா அந்தப் பூவை எல்லாம் சித்தியின் ரவிக்கைக்குள் வைத்து, பழைய வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். சித்திக்குக் காய்ச்சல் அடித்தது. கையைத் தொட்டால் கொதித்தது. குழந்தை அடுத்த அறையில் என் மடியில் கிடந்து கத்தினான். அம்மா பாலாடைச் சங்கில் பசும்பாலை ஊற்றினால் துப்பினான். சித்தி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவ்வளவு பூவில் எனக்கு ஒரு முழம் தொடுத்துத் தரக்கூடாதா என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது.

பிறகு ஒரு நாள் குழந்தை பாலாடைக்குப் பழகினான். சித்தி தகரப்பெட்டியை எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் போனாள்.

ஒரு மாசம் ஆகியிருக்காது. பார்க்க வரலாம் என்று விடுதியில் விட்ட முதல் ஞாயிற்றுக்கிழமையே அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். என்னையும் கூட்டிப் போனாள். பஸ்ஸில் எனக்குப் பாடம் நடந்தது.

“இவன் யாருன்னு கேட்டா இன்னா சொல்லுவ?”

“எந்தம்பி.”

“சித்திக்குக் கொயந்த கீதா?”

“இல்ல.”

“எங்கனா ஒளறி வெச்ச, தோலை உரிச்சிடுவேன்.”

நான் ஏன் உளறுகிறேன்? பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிப்பதில் நான்தான் முதல்.

விடுதி வராந்தாவில் பெஞ்சு போட்டிருந்தார்கள். பெண்கள் கூட்டம். ஆளுக்கொரு மூட்டையைப் பிரித்து முறுக்கும் அதிரசமும் தின்றுகொண்டிருந்தார்கள். சித்தி வெள்ளைப் புடவையில் வந்தாள். இளைத்திருந்தாள். என் கன்னத்தைத் தொட்டாள், அம்மாவிடம் ஊர்க்கதை கேட்டாள். குழந்தை பக்கம் திரும்பவே இல்லை. ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மாடு நல்லா கறக்குதா அக்கா?” என்று கேட்டாள்.

“கறக்குது. குடிக்கிறான்.”

“வயித்துக்கு ஒத்துக்கிதா?”

“ஒத்துக்கிது.”

சாவிக்கொத்து குலுங்க வார்டனம்மா அந்தப் பக்கம் வந்தார்கள். குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினார்கள். “யாரு பிள்ளை? மூக்கு அப்படியே உன் மூக்கா இருக்கே.”

“அக்கா பிள்ளை, டீச்சர்,” என்றாள் சித்தி.

யாரும் என்னைக் கேட்கவில்லை. ஆனாலும் பஸ்ஸில் படித்த பாடம் வீணாகப் போகலாமா? “எந்தம்பி! எங்கம்மா வயித்துலதான் பொறந்தான். நான் பாத்தேன்!” என்று கத்தினேன். சுற்றி இருந்த பெண்களெல்லாம் சிரித்தார்கள். வார்டனம்மாவும் சிரித்தார்கள். அம்மா என்னைப் பெருமையாகப் பார்த்தாள்.

அந்த நேரம் பார்த்துக் குழந்தைக்குப் பசி எடுத்தது. அம்மா தூக்குவாளியைத் திறந்தாள். பஸ்ஸின் வெக்கையில் பால் திரிந்து போயிருந்தது. தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தாள், அவன் வாங்கவில்லை. முதுகை வளைத்துக்கொண்டு அழுதான். மூச்சு நின்று மறுபடி அழுதான்.

சித்தி தூணை விட்டுவிட்டாள். முந்தானையை அவசரமாக இழுத்து முன்னால் போர்த்தினாள். போர்த்திய இடமும் நனைந்தது. வெள்ளைப் புடவை, எங்கே மறைப்பது? இரண்டு பக்கமும் ஈரம் அகலமாகிக்கொண்டே போயிற்று. வராந்தாவில் தின்றுகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருத்தியாக வாயை மூடினார்கள். நான் மட்டும் சித்தி தண்ணீரைக் கொட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன்.

வார்டனம்மா சத்தம் போடவில்லை. “எத்தனை மாசம்?” என்று கேட்டார்கள்.

“ஏழு,” என்றாள் சித்தி.

“உள்ளே போய்க் குடுத்துட்டு வா. அப்புறம் பெட்டியை எடுத்துக்கோ.”

அம்மா அவர்கள் காலில் விழப்போனாள். “என் தப்பும்மா, நான் தூக்கினு வந்திருக்கக் கூடாது. அவ ரொம்ப நல்லா படிக்கிற பொண்ணு. ஒரு தபா வுட்டுடுங்கம்மா.”

“நான் ஒருத்தி பார்த்திருந்தா, பார்க்காத மாதிரி இருந்திருப்பேன். இத்தனை பேர் பார்த்துட்டாங்களேம்மா,” என்றார்கள். சொல்லிவிட்டுச் சாவிக்கொத்தைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்கள்.

நினைத்துப் பார்த்தால், அந்த இரண்டு வருஷத்தைத் தாண்டியிருந்தால் சித்தி எங்கேயோ போயிருப்பாள். அதன்பின் அவளுக்கு இன்னும் மூன்று பிள்ளைகள் பிறந்தன. ரைஸ்மில்லில் அரிசி புடைக்கப் போனாள். ஊரில் கடுதாசி படித்துக் காட்டச் சொல்லி யாராவது வந்தால், கண் தெரியவில்லை என்று சொல்லி அனுப்பிவிடுவாள். முப்பது வயதுகூட ஆகாதவளுக்கு எப்படிக் கண் தெரியாமல் போகும்? யாரும் கேட்கவில்லை. எனக்கும் அந்த மூன்றாம் வகுப்போடு சரி. படித்து உன் சித்தி என்னத்தைக் கிழித்தாள் என்று கேட்டு அம்மா என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டாள்.

ஆனால் அன்றைக்கு இதெல்லாம் எனக்கு ஏது? ஊருக்குத் திரும்புகிற பஸ்ஸில் ஜன்னலோரம் சித்தி உட்கார்ந்தாள். முந்தானைக்குள் குழந்தை சப்பிச் சப்பிக் குடித்துக்கொண்டிருந்தான். அவன் கால் வெளியே நீட்டிக்கொண்டு ஆடிற்று. சித்தி அவனைப் பார்க்கவில்லை. வெளியே எதையும் பார்த்த மாதிரியும் இல்லை. அம்மா முன் சீட்டில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தாள்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சித்தியின் முழங்கையைச் சுரண்டினேன்.

“சித்தி, இனிமே நீ எங்கியும் போமாட்ட இல்ல?”

“போமாட்டேன்டி.”

“நெசமா?”

“நெசமா.”

நான் சீட்டின் மேல் ஏறி நின்று, பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி கை தட்டினேன்.