திருப்பதியில் ஒரு தப்பு டப்பா

காலை ஆறு நாற்பதுக்கு நகரியில் திருப்பதி வண்டி ஏறினேன். டிக்கெட் பதினாறு ரூபாய். தூரம் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் சொச்சம், புத்தூர் வழி. திருப்பதிக்குப் போகிறவர்கள் முடி கொடுக்கப் போவார்கள், வேண்டுதல் தீர்க்கப் போவார்கள். நான் போனது என் நாத்தனாரை ஒரு தடவையாவது தோற்கடிக்க. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஏதோ பக்தியில் கிளம்பினேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நகரியில் எனக்குப் பாத்திரக் கடை. வீட்டுக்காரருக்கு இரண்டு பவர்லூம். கொஞ்ச வருஷமாக கலர் டீவி, மிக்ஸி, தவணை என்று ஊரே மாறிவிட்டது. வீட்டில் கிடக்கும் பித்தளை, தாமிரத்தை எல்லாம் கொண்டுவந்து எடைக்குப் போட்டுவிட்டு எவர்சில்வர் வாங்கிப்போகிறார்கள். அந்தப் பழைய அண்டாவுக்குள், செம்புக்குள் சில சமயம் செல்லாக் காசுகளும் கிடக்கும். அதையும் எடையோடு எடையாகப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தவள்தான் நான். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு காசில் இரண்டு சிங்கங்கள் நிற்பதைப் பார்த்து எடுத்து வைத்தேன். அன்றைக்குப் பிடித்த பித்து இன்னும் விடவில்லை.

நாத்தனார் பெயர் ராஜி, வீட்டுக்காரரின் தங்கை. திருப்பதியில் இருக்கிறாள். அவள் புருஷன் பத்து வருஷமாகக் குவைத்தில் ஏசி மெக்கானிக். அங்கே அவர் அறையில் கூட இருக்கும் பிலிப்பைன்ஸ்காரர், எகிப்துக்காரர், இலங்கைக்காரர் எல்லாரும் ஆளுக்கு நாலு காசு கொடுப்பார்களாம். லீவில் வரும்போது ஒரு பால் பவுடர் டப்பா நிறையக் காசு வந்து இறங்கும். இவள் ஒரு நாளாவது அழுக்குச் செம்புக்குள் கைவிட்டுத் துழாவியிருப்பாளா? டப்பாவைக் கவிழ்த்தாள், சேகரிப்பாளர் ஆகிவிட்டாள்! திருப்பதியில் நாணயச் சங்கம் ஒன்று இருக்கிறது, மாதம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை கூடுவார்கள் என்று எனக்குச் சொன்னதும் அவள்தான். அதுவே எனக்குப் பொறுக்கவில்லை. நான் கண்டுபிடித்து அவளுக்கல்லவா சொல்லியிருக்க வேண்டும்?

இது எனக்கு நாலாவது கூட்டம். அடுத்த மாதம் சித்தூரில் பொருட்காட்சி நடக்கிறது. அதில் சங்கத்துக்கு ஒரே ஒரு கண்ணாடி மேசை கொடுத்திருக்கிறார்கள். அதில் யாராவது ஒருவருடைய காசுகள்தான் இருக்கும். மேலே அவர் பெயர் பலகையில் எழுதித் தொங்கும். ராஜி பெயரா, என் பெயரா? எனக்கு வேண்டியது அந்தப் பலகைதான்.

அதற்கான ஆயுதம் என் மடியில் இருந்தது. நாராயணவனத்துக்காரர் ஒருவர் எடைக்குப் போட்ட தாமிரச் செம்பில் கிடைத்த சின்னக் காசு, கட்டைவிரல் நகம் அளவு. கருப்பாக, ஒரு பக்கம் மண்டியிட்ட கருடன், மறு பக்கம் மூன்று வரி எழுத்து. இரண்டு மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை. திடீரென்று எடுத்துப் போட்டு அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

வண்டியில் மீதிச் சில்லறை கைக்கு வந்ததும் வழக்கம்போலக் காசைத் திருப்பி வருஷத்துக்குக் கீழே பார்த்தேன். அங்கே நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத்தில் அடித்தது, வைரம் இருந்தால் பம்பாய், புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றும் இல்லாவிட்டால் கல்கத்தா. கண்டக்டருக்குப் பொறுமை இல்லை.

"இன்னாம்மா, நான் குடுத்தது கள்ளக் காசா? ஆராய்ச்சி பண்ணிக்கினு கீற?"

"இது வேணாம்பா. நட்சத்திரம் போட்டது இருந்தா குடேன்."

"அது சரி! இன்னிக்கு நட்சத்திரம் கேப்ப, நாளைக்கு நிலா கேப்ப. போணி ஆவறதுக்கு முன்னால ஆரம்பிச்சிட்டியா?" என்றவர், பையைத் துழாவி ஒன்றைக் கொடுத்துவிட்டுத்தான் போனார். நல்ல மனுஷன்.

ஏழேகாலுக்குப் புத்தூர். பக்கத்து சீட்டில் கையைத் துண்டால் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டிருந்தவர் எலும்பு வைத்தியரிடம் கட்டுப் போட இறங்கினார். தறியில் சிக்கிய கையாம். இறங்கும்போது, "மலைக்காம்மா? எனக்கும் ஒரு கும்புடு போட்டுடு" என்றார். காசு பார்க்கப் போகிறேன் என்று அந்த மனுஷனிடம் சொல்ல வாய் வரவில்லை. தலையாட்டிவிட்டேன். வடமாலைப்பேட்டை தாண்டியதும் மலை தெரிந்தது. வண்டியில் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன், புத்தூரில் இறங்கியவருக்கும் சேர்த்து. கூடவே எனக்கும் ஒன்று கேட்டேன். என்ன கேட்டேன் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எட்டரைக்குத் திருப்பதி. பஸ் நிலையத்தைச் சுற்றி மொட்டைத் தலைகள், எஸ்டிடி பூத்துகள், "முப்பது நாளில் கம்ப்யூட்டர், உடனே அமெரிக்கா" என்று ஆளுயர விளம்பரங்கள். இரண்டு இட்லி, ஒரு காபி, ஒன்பது ரூபாய். சங்கம் கூடுவதும் ஒரு கம்ப்யூட்டர் சென்டரின் மாடி அறையில்தான். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு இல்லாததால் சும்மா கொடுக்கிறார்கள். ஒரே நிபந்தனை, தூசு கம்ப்யூட்டருக்கு ஆகாது என்று செருப்பை வாசலிலேயே விட வேண்டும். உறை போட்டு மூடிய பெட்டிகளுக்கு நடுவே பதினாலு பேர் வெறுங்காலோடு உட்கார்ந்து செல்லாக் காசைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

பத்தரைக்குக் கூட்டம் தொடங்கியது. தலைவர் ரமணையா சார், தாசில்தார் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். இங்கே ஒரு வழக்கம் உண்டு. காசுக்கு விலை கேட்கக் கூடாது. விலை பேசினால் அன்றைய டீச் செலவு அவர் தலையில். ஓட்டுப் போடுவதும் காசால்தான். ஆளுக்கு ஓர் ஐந்து பைசா, யாருடைய காசுத் தட்டு பிடித்திருக்கிறதோ அதன் முன்னால் வைக்க வேண்டும்.

ராஜி ஆல்பத்தை விரித்தாள். குவைத் காசில் பாய்மரக் கப்பல். நடுவில் ஓட்டை போட்ட காசு. ஓரம் வளைந்து வளைந்து பூப்போல ஒன்று. ஒவ்வொன்றுக்குக் கீழும் நாட்டின் பெயர், கம்ப்யூட்டரில் அடித்த எழுத்து. அந்த எழுத்தையாவது நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

என் முறை வந்தது. மடியிலிருந்து மஞ்சள் துணியை எடுத்துப் பிரித்தேன். காசு பளபள என்று மின்னியது. முந்தின நாள் சாயங்காலம் அரை மணி நேரம் பாடுபட்டிருந்தேன். புளியில் ஊறப்போட்டு, செங்கல் பொடி வைத்து, கடையில் செம்பைத் தேய்க்கிற மாதிரி அழுத்தித் தேய்த்திருந்தேன். பாத்திரக் கடைக்காரி அழுக்குக் காசைக் கொண்டுபோவாளா?

ரமணையா சார் காசை ஓரத்தில் பிடித்துத் தூக்கினார், லென்சை வைத்தார். அவர் முகம் சுருங்கியது.

"அய்யோ, கடிகேசாவா அம்மா? களுவிட்டியா?"

"ஆமா சார். அழுக்கா இருந்திச்சி."

"அது அழுக்கு இல்லம்மா. நானூறு அய்நூறு வருசம் அது மேல படிஞ்ச தோலு. களுவக் கூடாதுன்னு மொத மீட்டிங்லயே சொன்னனே?"

சொன்னாராம். அப்போது நான் ராஜியின் ஆல்பத்தைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்தேன். காதில் விழவில்லை.

அவர் லென்சை என் கையில் கொடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். கிருஷ்ணதேவராயர் காலத்துக் கருடக் காசு அது. மூன்று வரியில் ராஜா பெயர் இருக்கும். என் காசில் மேல் வரி மட்டும் லேசாகத் தெரிந்தது. மற்ற இரண்டும் செங்கல் பொடியோடு போய்விட்டன. கருடனுக்கு மூக்கு இல்லை. "இன்னும் கொஞ்சம் மெதுவா தேச்சிருந்தாகூட..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கடையில் எத்தனையோ நஷ்டம் வந்திருக்கிறது, அழுததில்லை. ஒரு ராஜாவின் பெயரை நானே தேய்த்து அழித்துவிட்டேன். அதுவும் யாருக்காக? இவளுக்காக!

ராஜி என்னையே பார்த்தாள். "இன்னா அண்ணி, ஒரு வார்த்த எங்கிட்ட கேட்டிருக்கக் கூடாதா?" என்றாள். உன்னிடமா, செத்தாலும் கேட்க மாட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஓட்டு நடந்தது. ராஜி தட்டின் முன்னால் பதினோரு ஐந்து பைசாக்கள். பள்ளிக்கூட டீச்சர் விமலாவின் பழைய அணாக்களுக்கு மூன்று. அதில் ஒன்று நான் வைத்தது. என் தட்டின் முன்னால் ஒன்றுமில்லை. சித்தூரில் ராஜியின் பெயர் தொங்கும் என்று எழுதிக்கொண்டார்கள். கைதட்டினார்கள். நானும் தட்டினேன், தட்டாமல் இருக்க முடியுமா?

எழுந்து போய்விடலாம் என்று இருந்தபோதுதான் ரமணையா சார் பீரோவைத் திறந்து பழைய பிஸ்கட் டப்பா ஒன்றை எடுத்தார். "தப்பு டப்பா," என்றார். எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். டப்பாவைக் கவிழ்த்தார். உள்ளே எல்லாம் நாசமான காசுகள், ஒவ்வொன்றோடும் ஒரு சீட்டு.

"இது என்னுது," என்று அவரே ஒரு கால் அணாவைக் காட்டினார். விளிம்பெல்லாம் அரித்துப்போயிருந்தது. "பேட்டரி ஆசிட்ல போட்டன். ஒரு டீ குடிச்சிட்டு வந்து பாத்தா பாதி காசு இல்ல."

விமலா டீச்சர் ஒன்றை எடுத்தார். சார்ட்டில் பசை போட்டு ஒட்டிவிட்டு, பிறகு கத்தியால் பெயர்த்தாராம். ராணி தலையில் குறுக்கே கோடு. லாட்ஜில் வேலை பார்க்கும் பாபு, காசை அடையாள அட்டைபோல லேமினேஷன் போடக் கொடுத்தவர். "காசும் போச்சி, மிசினும் போச்சி. கடைக்காரன் என்னைத் தொரத்திக்கினு வந்தான்," என்று அவர் சொன்னபோது எனக்கே சிரிப்பு வந்தது. நகைக்கடைக்காரர் ஒருவர் வெள்ளி அரை ரூபாயில் வளையம் பற்றவைத்து மகள் கழுத்தில் போட்டவர். எவ்வளவு தேடினாலும் அந்த மாதிரிக் காசை இனி ஊரில் பார்க்க முடியாதாம்.

"வூட்ல சொன்னா சிரிப்பாங்க," என்றார் ரமணையா சார். "இங்க சொன்னா இன்னொருத்தன் காசு பொழைக்கும். அதுக்குத்தாம்மா மாசாமாசம் கூடறது. போடறியா? இஷ்டம் இருந்தா போடு."

கருடக் காசை டப்பாவில் போட்டேன். சீட்டில் என் பெயர், ஊர், "புளி, செங்கல் பொடி, அரை மணி நேரம்" என்று எழுதினேன். உடனே ஆளாளுக்குக் கேள்வி. எவ்வளவு புளி? பழைய புளியா, புதுசா? தேய்த்தது துணியாலா, தேங்காய் நாராலா? அரை மணி நேரம் பதில் சொன்னேன். பாபு நோட்டில் எழுதிக்கொண்டார். மூன்று மாதமாக என்னிடம் யாரும் இவ்வளவு பேசியதில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். டீ வந்தபோது முதல் டம்ளர் எனக்கு.

ராஜி மூலையில் ஆல்பத்தை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டப்பா சுற்றி வந்தபோது கையில் வாங்கினாள். எல்லாச் சீட்டையும் படித்தாள். அவள் பெயர் அதில் இல்லை. கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்திருந்துவிட்டு அடுத்தவரிடம் கொடுத்தாள்.

ஒரு மணிக்கு முடிந்தது. கோவிந்தராஜ சுவாமி கோயில் பக்கத்து ஓட்டலில் சாப்பாடு பதினைந்து ரூபாய். ராஜிதான் கொடுத்தாள். நான் மூன்று தரம் சோறு வாங்கினேன். அவள் ரசத்தோடு எழுந்துவிட்டாள்.

இரண்டு மணி வண்டி. ஏற்றிவிட பஸ் நிலையம் வரை வந்தாள். சித்தூருக்கு எந்தப் புடவை கட்டுவது என்று பேசுவாள், பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொள்ளலாம் என்று தயாராக இருந்தேன். நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும் அவள் வெளியே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, எங்கிட்ட கீறது எல்லாம் புதுக் காசு. பால் பவுடர் டப்பாலருந்து எடுத்தன், ஒட்டனன். தப்பு பண்றதுக்குக்கூட அதுல ஒண்ணும் இல்ல."

"அதுக்கு இன்னாடி இப்போ? உனக்குத்தான் மேச குடுத்துட்டாங்களே."

"மேச நாலு நாளு. அப்புறம்?" குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணே ஒண்ணு சொல்லு. புளி மட்டும் போதுமா, செங்கப் பொடியும் வேணுமா?"

கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷத்தில் அவளிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது இன்றைக்குத்தான். சொல்லியிருக்கலாம். இரண்டே வார்த்தை. அவள் முகத்தைப் பார்க்கப் பாவமாகக்கூட இருந்தது.

"ஊருக்குப் போயி போன் பண்றன்," என்றேன். வண்டி கிளம்பிவிட்டது.

நகரியில் என் கடைக்கு வருகிறவர்களுக்குத் தாமிரம் என்றால் கிலோ. அதற்கு மேல் கேள்வி கிடையாது. அங்கே ஒரு நகம் அளவு காசுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் அரை மணி நேரம் கேள்வி கேட்டார்கள், அதுவும் கெட்டுப்போன காசுக்கு. போகவர முப்பத்திரண்டு ரூபாய் எனக்குத் தண்டம் இல்லை. அடுத்த மாதமும் போவேன். ஆனால் மனசு ஆறவில்லை. அவளுக்குப் புளி வாங்கத் தெரியாதா? குவைத்துக்கு ஒரு போன் போட்டால் புருஷன் ஏதாவது பழைய, அபூர்வமான காசாகப் பார்த்து அனுப்பிவிடுவார். என்னுடையதைவிட நல்ல காசை அவள் கழுவிவிடுவாளோ என்று புத்தூர் வரை எனக்குப் பயமாகவே இருந்தது.