முப்பத்தேழாம் பக்கத்து முத்திரை

சறோஜா அக்கா இறந்த செய்தியை நூலக வாசற் படலையில் கட்டிய பதாகையில்தான் படித்தேன். "கடமை தவறாத உத்தியோகத்தருக்குக் கண்ணீர் அஞ்சலி." கீழே பிரதேச சபையின் பெயர். கயிற்றை இறுக்கிக் கட்டும்படி சொல்லிக்கொண்டு நின்றவர் சபையின் களஞ்சியப் பொறுப்பாளர். அக்காவை அந்தப் படலையால் வெளியே அனுப்பியவரும் அவர்தான். எனக்கு அழுகை வரவில்லை.

அக்கா எங்கள் நூலக உதவியாளர். இனிமையாகப் பேசுகிறவர் அல்லர். பக்கத்தின் மூலையை மடித்து வைத்ததற்காக என்னிடம், "உன்ர காதை இப்பிடி மடிச்சா நோகாதே?" என்று கேட்டவர். அதற்குப் பிறகு நான் எந்தப் பக்கத்தையும் மடித்ததில்லை.

நான் ஒன்பதாம் தரத்தில் இருந்தபோது சிறுவர் பகுதிக்குப் புதிய நூல்கள் பெட்டிகளில் வந்தன. பதிவேட்டில் ஏற்றுமுன் ஒன்றை எடுத்துக்கொண்டு போக, அக்காவிடம் கெஞ்சிக் கேட்டு அனுமதி வாங்கினேன். முப்பத்தேழாம் பக்கத்தில் எங்கள் நூலகத்தின் பழைய வட்ட முத்திரை இருந்தது. மறுநாள் கொண்டுபோய்க் காட்டினேன்.

"அக்கா, புதுப் புத்தகத்தில பழைய முத்திரை எப்பிடி வந்தது?"

அக்கா கதவைச் சாத்திவிட்டு மற்றப் பெட்டிகளைத் திறந்தார். நூலகங்கள் முதற்பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் மட்டும் முத்திரை இடுவதில்லை. உள்ளே ஒரு பக்கத்தைத் தெரிந்தெடுத்து, அதிலும் இடும் வழக்கம் உண்டு. எங்களுக்கு அது முப்பத்தேழு. கறையான் அரித்ததென்று கழித்த நூல்களுக்கே சபைக் களஞ்சியத்தில் புதிய அட்டை போட்டு, மக்கள் பணத்தில் வாங்கிய புதிய நூல்கள் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். முதற்பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் கிழித்தவர்களுக்கு உள்ளே ஒரு முத்திரை இருப்பது தெரியவில்லை. புத்தகம் திறக்காதவர்கள் செய்த களவு அது.

சபை வாசலில் ஒரு முறைப்பாட்டுப் பெட்டி உண்டு. "தகவல் தருபவரின் பெயர் வெளியிடப்படாது" என்று அதில் எழுதியிருக்கும். அக்கா அதை நம்பிக் கையெழுத்திட்ட கடிதத்தைப் போட்டார். பெட்டிப் பூட்டின் திறப்பு யாரிடம் இருந்தது என்று நினைக்கிறீர்கள்? மறுநாள் களஞ்சியப் பொறுப்பாளர் நூலகத்துக்கே வந்து, வாசகர்கள் முன்னால் சிரித்தபடி சொன்னார்: "சறோஜா, உங்கட கையெழுத்து நல்ல வடிவு. கடிதம் எழுதியே காலத்தைப் போக்கலாம்."

பிறகு சபை வைத்த விசாரணையில் முத்திரையை முதலில் கண்டது யார் என்று கேட்டார்கள். "நான்தான்" என்றார் அக்கா. ஒருவரின் சொல் மட்டும் போதாது, இரண்டாவது சாட்சி வேண்டும் என்றார்கள். அவர் என் பெயரைச் சொல்லவில்லை. பெட்டிகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு, களஞ்சியத்தின் அனுமதியில்லாமல் அவற்றைத் திறந்தது குற்றம் என்று அவரையே தொலைவில் இலங்கைத்துறைப் பக்கம் ஓர் உப அலுவலகத்துக்கு மாற்றினார்கள். அங்கே அவருக்கு உட்கார ஒரு கதிரை கொடுத்தார்கள். வேலை கொடுக்கவில்லை.

ஒருநாள் பேருந்து நிலையத்தில் அவரைப் பிடித்தேன்.

"அக்கா, நான் வந்து சொல்லட்டே?"

"ஏலாது. உன்ர பேர் தெரிஞ்சா உங்கட அம்மாவின்ர ரீச்சர் வேலையிலதான் முதல் கை வைப்பாங்கள். நீ போய்ச் சோதினைக்குப் படி."

"நீங்கள் தனியவெல்லோ நிக்கிறியள்?"

"தனிய எண்டாலும் நிண்டுகொண்டுதானே இருக்கிறன். போ பிள்ளை, பஸ் வந்திட்டுது."

இரண்டு வருடம் அந்தப் பயணம் போனார். ஒரு மாலை பேருந்திலேயே மாரடைப்பு வந்தது.

அக்காவின் இந்த நினைவு மலரைப் படிக்கும் சபை உத்தியோகத்தர்களே, அந்த இரண்டு வருடமும் உங்களில் பலருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பதாகைக்குக் காசு சேர்த்தபோது கை நீட்டினீர்கள். விசாரணையில் ஒருவர்கூடக் கை உயர்த்தவில்லை. உங்கள் கண்ணீர் அவருக்கு வேண்டாம்.

நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா தாளும் பேனையும் எடுத்து என் முன்னால் வைத்து, "எழுது" என்றார். மாகாண அலுவலகத்துக்கு எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டோம். அக்காவிடமிருந்து எனக்கு எஞ்சியிருப்பது, அவர் யாரிடமும் கொடுக்காமல் காத்த என் பெயர்தான். நீங்கள் தேடிய இரண்டாவது சாட்சியின் பெயரும் அதுவே.

யாழினி சிவராசா,
பதினோராம் தரம்.