வலம் போன டப்பாக்கள்

விழுப்புரத்தில் பஸ் மாறி, அறுபது ரூபாய்க்கு டிக்கெட் எடுத்து உட்கார்ந்ததுமே நடத்துநர் சொல்லிவிட்டார், இன்றைக்குப் பௌர்ணமி, பஸ் ஊருக்குள் போகாது, வெளியிலேயே இறக்கிவிடுவோம் என்று. பௌர்ணமியன்று திருவண்ணாமலைக்குப் போவதில்லை என்பது என் கொள்கை. கூட்டம் என்றாலே எனக்கு ஆகாது. மதுரையில் பிறந்து வளர்ந்தும் சித்திரைத் திருவிழாவுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் படுத்திருப்பவன் நான். ஷமீம் கூப்பிட்டதால் வந்தேன்.

ஷமீம் செங்கம் சாலையில், ஆசிரமங்களும் வாடகை அறைகளும் நிறைந்த பகுதியில், டிபன் கடை வைத்திருக்கும் பெண்மணி. சில வருஷம் முன்பு, முதன்முறை இந்த ஊருக்கு வந்த கையோடு, அவர் கடைக்கு மேலே இருக்கும் அறையில் நான் காய்ச்சலில் சுருண்டு கிடந்தேன். குணமாகிற வரைக்கும் நான் கேட்காமலே வேளாவேளைக்குக் கஞ்சி மேலே ஏறி வந்தது. அதற்குப் பிறகு அவர் கூப்பிட்டு நான் மறுப்பது எப்படி?

தற்காலிகப் பஸ் நிலையத்திலிருந்து ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். கிரிவலமா சார் என்று ஓட்டுநர் கேட்டார். இல்லை, டப்பா பார்க்க வந்தேன் என்றேன். அவர் கண்ணாடியில் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு ஹாரனை அழுத்தினார்.

விஷயம் இதுதான். பார்சல் என்றால் பிளாஸ்டிக் கவரும் அலுமினியத் தாள் ஒட்டிய பொட்டலமும்தான் என்று ஆகிவிட்டதை மாற்ற ஷமீம் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். எவர்சில்வர் டப்பாவில் பார்சல். ஐம்பது ரூபாய் முன்பணம். டப்பாவைத் திருப்பினால் பணமும் திரும்பும். செங்கம் சாலையில் நாலு கடை, மலையைச் சுற்றும் பாதையில் பாதி தூரம் போனால் வரும் அடி அண்ணாமலையில் ஒரு கடை, ஆக ஐந்து கடைகள் கூட்டு. எந்தக் கடையில் வாங்கினாலும் எந்தக் கடையிலும் திருப்பலாம். சாதாரண நாட்களில் ஓட்டிப் பார்த்து, நன்றாகவே ஓடியிருக்கிறது. அறைகளில் தங்கியிருப்பவர்கள் காலையில் பொங்கல் வாங்கிப்போய்ச் சாயங்காலம் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள்.

பௌர்ணமிக்கு இதுதான் முதல் தடவை. மற்ற கடைக்காரர்கள் தயங்கியபோது ஷமீம் ஒரு வார்த்தை விட்டிருந்தார். “ஒரே ஒரு பௌர்ணமி கவர் இல்லாம ஓட்டிப் பாக்கலாம். முடியலன்னா நான் இந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன்.” சரி என்று தலையாட்டிய பக்கத்துக் கடைக்காரர், எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கட்டு கவரை மேஜைக்கு அடியில் வைத்திருந்தார். கட்டு எனக்கே தெரிந்தது, ஷமீமுக்குத் தெரியாமலா இருக்கும்.

பௌர்ணமியன்று ஷமீம் அடுப்பில் முட்டைகூட வேகாது. எலுமிச்சை சாதமும் தயிர்சாதமும்தான். மூன்று மணிவாக்கில் ஒரு டப்பா எலுமிச்சை சாதத்தோடு, வந்ததற்கு நாமும் சுற்றிவிடுவோம் என்று நடக்க ஆரம்பித்தேன். மொத்தம் பதினான்கு கிலோமீட்டர். வெறுங்காலோடு நடந்தவர்கள் எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள். ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டேன். ஊறுகாய் ஷமீம் கையால் போட்டது, அதைப்பற்றித் தனியாக எழுத வேண்டும்.

அடி அண்ணாமலையில் குமரேசன் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் தணிந்திருந்தது. குமரேசன் விவசாயக் குடும்பம். நிலத்தைத் தம்பி பார்த்துக்கொள்ள, இவரும் மனைவி செல்வியும் சாப்பாட்டுக் கடை நடத்துகிறார்கள். கடை வாசலில் டப்பாக்கள் என் இடுப்புயரத்துக்கு அடுக்கியிருந்தன. அத்தனைக்கும் ஐம்பது ஐம்பதாகத் திருப்பிக் கொடுத்த குமரேசன் முகத்தில் ஈயாடவில்லை.

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. இந்த மலையை எல்லோரும் வலமாகத்தான் சுற்றுகிறார்கள். செங்கம் சாலையில் வாங்குகிறவர் நடந்துகொண்டே சாப்பிட்டு, இங்கே வந்து டப்பாவைக் கொடுத்துவிட்டு மேலே போகிறார். எதிர்த்திசையில் ஒருவரும் வருவதில்லை. டப்பா முழுக்க இங்கே. சாதம் முழுக்க அங்கே. ஊரிலேயே பிறந்து, எத்தனையோ முறை சுற்றி வந்தவர்கள் இதை யோசிக்கவில்லை. தினமும் செய்கிற காரியத்தை யார் யோசிக்கிறார்கள்?

ஷமீம் போனில் வந்தார். குரல் இறங்கியிருந்தது. கடையில் இருந்து சாப்பிடுகிறவர்களுக்கு இலை போட்டுச் சமாளிக்கிறாராம், பார்சல் கேட்பவர்களுக்குக் கொடுக்க இன்னும் கொஞ்சம் டப்பாதான் இருக்கிறதாம். “பக்கத்துக் கடைக்காரர் அந்தக் கவர் கட்ட எடுத்து மேஜை மேல வெச்சுட்டாருண்ணா” என்றார்.

வண்டி எதையும் பாதையில் விடமாட்டார்கள். திரும்பி நடந்து கொண்டுபோய்க் கொடுக்கலாமே என்று குமரேசனைக் கேட்டேன். “இன்னைக்கு எதிர்ச்சுத்துக்கு என் காலே ஒத்துக்காது சார்” என்றார். எனக்கு வந்ததே வீரம். ஒரு சாக்கில் டப்பாக்களைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்கு எதிராக இறங்கினேன். பத்தடி போயிருக்க மாட்டேன். ஒவ்வொருவரும் நின்று, வழி தவறிவிட்டீர்கள் என்று என்னைப் பிடித்துத் திருப்பிவிட்டார்கள். சாக்கோடு போய்ச் சாக்கோடு திரும்பினேன். குமரேசன் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

செல்வி குழாயடியில் டப்பா கழுவிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, தண்ணீர் குடிக்க நின்ற ஒரு தம்பதியிடம், எங்கிருந்து சுற்ற ஆரம்பித்தீர்கள் என்று கேட்டார். செங்கம் சாலையில் அறை எடுத்திருக்கிறோம், அங்கிருந்துதான் என்றார்கள். “அப்ப இத ஷமீம் அக்கா கடையில குடுத்துடுறீங்களா?” என்று ஆளுக்கு இரண்டு டப்பாவை நீட்டினார். அவர்களும் பிரசாதம் வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு நடந்தார்கள். அடுத்தவர், அதற்கடுத்தவர். அடுக்கு குறைய ஆரம்பித்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. எவர்சில்வர் ஆயிற்றே. முன்பின் தெரியாதவர்களிடம் முன்பணம்கூட வாங்காமல் தூக்கிக் கொடுக்கிறீர்களே என்று கேட்டேன்.

“மலைய சுத்தறவங்க ஆரம்பிச்ச எடத்துலதானே சார் முடிக்கணும்? வேற எங்க போயிடப் போறாங்க?” என்றார் செல்வி. பேச்சோடு பேச்சாக என் கையிலும் இரண்டு டப்பா வந்துவிட்டது.

மிச்ச தூரத்தை நான் நடந்த லட்சணத்தைச் சொல்ல வேண்டும். மலையைப் பார்க்கவில்லை, நிலவைப் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் இரண்டு டப்பாவோடு போன ஒரு கட்டம்போட்ட சட்டைக்காரரையே பார்த்துக்கொண்டு போனேன். வழியில் ஈசான்ய லிங்கக் கோயிலைத் தாண்டியதும் அவர் வேர்க்கடலை வண்டியில் நின்றார். ஒரு டப்பாவைத் திறந்து நீட்டி, வேகவைத்த கடலையைப் போட்டு வாங்கி மூடிக்கொண்டார். சரி, டப்பா போயிற்று, இனி அவர் வீட்டில் அது கடலை டப்பா என்று முடிவு கட்டினேன். கூட்டத்தில் அவர் மறைந்தும் போனார்.

ஷமீம் கடைக்கு வந்து சேரும்போது மணி எட்டரை இருக்கும். வரிசை சாலை வரைக்கும் நின்றது. கல்லாவுக்குப் பக்கத்தில் டப்பாக்கள் அடுக்கியிருந்தன. கொஞ்ச நேரம் இரண்டு கடைகளில் கவர் ஓடியிருக்கிறது, அதை மறைப்பானேன். பிறகு ஒவ்வொருவராக வந்து டப்பாவை வைக்க வைக்க, கவர் கட்டு மறுபடி மேஜைக்கு அடியில் போய்விட்டது.

கட்டம்போட்ட சட்டைக்காரர் எனக்கு முன்பே வந்திருந்தார். கடலையோடு டப்பாவை ஷமீமிடம் நீட்டிக்கொண்டிருந்தார். இது எதுக்குங்க என்றார் ஷமீம்.

“வெறும் பாத்திரமா எப்படிங்க நீட்டறது? எங்க வீட்ல தெரிஞ்சா திட்டுவாங்க.”

அவர் மட்டுமில்லை. வந்த டப்பாக்களில் பல காலியாக வரவில்லை என்று ஷமீம் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார். ஒன்றில் கல்கண்டு, ஒன்றில் இரண்டு வாழைப்பழம், ஒன்றில் ஒரு முழம் மல்லிகை. பேர் தெரியாதவர்கள், மறுபடி பார்க்கப் போகாதவர்கள். மல்லிகையை எடுத்து முக்காட்டுக்கு அடியில் செருகிக்கொண்டு, அவர் அடுத்த பார்சலைப் போடத் திரும்பினார். கண் கலங்கியிருந்ததை அடுப்புப் புகை என்று சொல்ல வழியில்லை, அவர் வைத்திருப்பது கேஸ் அடுப்பு. அந்த முகம் தெரியாத ஜனங்களுக்கெல்லாம் நான் மனசாரக் கும்பிடு போட்டேன். வெறும் டப்பாவாக வந்தவற்றில் இரண்டு, நான் கொண்டுவந்தவை.

மறுநாள் காலை கிளம்பும்போது தயிர்சாதம் கட்டிக் கொடுத்தார். டப்பாவில்தான். ஒன்று குறைந்துவிடுமே என்றேன். “ஒண்ணு கம்மியானா பரவாயில்லண்ணா, உங்ககிட்டதானே இருக்கு” என்றார். முன்பணத்தை வாங்க மறுத்துவிட்டார்.

மதுரைக்கு வந்து, எங்கள் தெரு முனைக் கடையில் சாம்பாரைக் கவரில் ஊற்றி நூல் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தேன். டப்பாவைக் கழுவி அலமாரியில் கவிழ்த்தாயிற்று. அடுத்த வாரம் திருவண்ணாமலைப் பக்கம் போகிற ஒரு நண்பர், கொடுங்கள், நான் சேர்த்துவிடுகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். அதற்குள் என்ன போடுவது என்று வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.