அண்ணை ஒட்டிய வாழ்த்து

கொழும்பில் சத்தியப்பிரமாணம் எடுத்து, யாழ்ப்பாண நீதிமன்றத்தில் நாலு வருடம் வழக்குப் பேசியவள் நான். யுத்தம் முடிந்த பிறகு பாரிஸுக்கு வந்தேன். இங்கே என் கறுப்பு அங்கி, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், அண்ணையின் பலசரக்குக் கடையில் வெங்காய மூட்டைக்கு மேல் போர்த்தத்தான் உதவும். பிரான்ஸில் வழக்குப் பேச, வெளிநாட்டுச் சட்டத்தரணிகளுக்கென்று ஒரு சோதனை. முதலில் எழுத்து, பிறகு வாய்மொழி. அதன் பிறகு இங்கத்தைய சட்டத்தரணிகள் சங்கம் என் கோப்பைப் பார்த்து மனம் இரங்க வேண்டும். கடைசியில் இன்னொரு சத்தியப்பிரமாணம். ஒரு கழுத்துக்கு இரண்டு தாலி.

கடைக்கு வந்த ஒருவர் கேட்டார்: "அப்ப அங்கை படிச்ச சட்டம், பிளேனிலை வரேக்கை கடலுக்கை விழுந்திட்டுதோ பிள்ளை?"

மூன்று வருடம் கல்லாவில் இருந்துகொண்டே படித்தேன். எழுத்துச் சோதனையில் தேறினேன். அண்ணைக்கு மட்டும் சொன்னேன். அது போதும்.

அடுத்த சனிக்கிழமை ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் நடந்து வருகிறேன், நகைக்கடைக் கண்ணாடியில் நான். சலூன் கண்ணாடியிலும் நான். ஒட்டியிருந்த சுவரொட்டியில் என் கொழும்புப் படம்: வெள்ளைச் சேலை, கறுப்பு அங்கி, இளிப்பு. "பாரிஸ் சட்டத்தரணியாகிய எமது அன்புத் தங்கையை வாழ்த்துகிறோம்." அதற்குக் கீழே, என் முகத்தைவிடப் பெரிதாக, அண்ணையின் கடை விலாசம். ஆட்டிறைச்சி விலை போடாதது என் அதிர்ஷ்டம். உச்சியில் பிரெஞ்சிலும் 'பாரிஸ் சட்டத்தரணி'.

இந்த நாட்டில் சத்தியப்பிரமாணம் எடுக்காமல் அந்தப் பட்டத்தைப் போடுவது குற்றம். சங்கத்து ஆள் ஒருவர் அந்தத் தெருவால் போனால் என் மூன்று வருடமும் குப்பையில்.

"என்ன கோதாரி வேலை அண்ணை இது? நான் இன்னும் இஞ்சை லோயர் இல்லை!"

"அரைவாசி பாஸ்தானே. ஊரிலை ரிசல்ட் வர முந்தியே பேப்பரிலை போடுவாங்கள்."

"தமிழிலை போட்டதோடை நிண்டிருக்கலாமே. பிரெஞ்சிலை ஏன்?"

"வெள்ளைக்காரனும் அறியட்டும் எண்டுதான்."

"இது குற்றம். என்ரை பைலைத் தூக்கி எறிவாங்கள்!"

"அப்ப வழக்குப் பேசி வெல்லன். நீ லோயர்தானே?"

பொழுதுபடும்வரை, ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையம்வரை போய், சுவரொட்டிகளைச் சுரண்டினேன். நகம் இரண்டு போனது. கடைக்காரர்கள் கடை வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "லோயர் எண்டால் இவ்வளவு வெக்கப்படக் கூடாது பிள்ளை" என்று ஒரு கடைக்கார அம்மா புத்தி சொன்னார். அண்ணை ஒரு மாதம் என்னோடு கதைக்கவில்லை. குற்றம் செய்தவள் நான் அல்லவா!

அடுத்த வருடம் வாய்மொழிச் சோதனையிலும் தேறினேன். சங்கம் கோப்பை ஏற்றுக்கொண்டது. சத்தியப்பிரமாணம் எடுத்த கையோடு, அங்கியைக்கூடக் கழற்றாமல், கடைக்குப் போனேன்.

"அண்ணை, இப்ப ஒட்டுங்கோ. எத்தினை வேணுமெண்டாலும் ஒட்டுங்கோ."

அண்ணை முருங்கைக்காய் கட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"அதெல்லாம் போன வருசமே வாழ்த்தியாச்சு. திருப்பி ஒட்டினால், முதல்தரம் நீ பெயில் எண்டெல்லே சனம் நினைக்கும்."